காட்டைப் படிக்க ஓர் உபகாரச் சம்பளம்

"என் பெண் டாக்டருக்குப் படிக்கப் போகிறாள்" என்று சொன்னால் கேட்பவர்கள் முகம் மலரும். "காடு, செடி கொடி, ஆறு இவற்றைப் பற்றிப் படிக்கப் போகிறாள்" என்று சொல்லிப் பாருங்கள்! "அதனால் என்ன பிரயோஜனம்? பணத்துக்கு எங்கே போவீர்கள்? கலியாணம் காலாகாலத்தில் நடக்க வேண்டாமா?" என்று மூன்று கேள்விகள் வரிசையாக வந்து நிற்கும்.

இதே கேள்விகளுக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண்மணி பதில் சொல்லியிருக்கிறார். அவர்தாம் ஜானகி அம்மாள். 1897-ல் தலைச்சேரியில் பிறந்தவர். சென்னையில் ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியை ஆனார். வீட்டில் உறவுக்காரப் பிள்ளை ஒருவருக்கு மணம் முடிக்கப் பேச்சு நடந்தது. அந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவிலுள்ள மிச்சிகன் சர்வகலாசாலையிலிருந்து உபகாரச் சம்பளம் கிடைத்தது. ஜானகி கப்பல் ஏறிவிட்டார்!

அந்தப் பணத்தை வைத்தவர் லீவை பார்பர் என்ற வழக்கறிஞர். மிச்சிகனில் வைத்தியம் படித்துத் திரும்பிய கீழ்நாட்டுப் பெண்கள் தங்கள் ஊரில் செய்து வந்த தொண்டு அவர் மனத்தைத் தொட்டது. ஆசியப் பெண்களுக்கென்றே 1917-ல் நிதி ஏற்படுத்தினார்.

அதனால் விளைந்த பிரயோஜனம் என்ன? 1931-ல் டாக்டர் பட்டம் பெற்ற ஜானகி அம்மாள், கோயமுத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பை வேறு புல்லினங்களோடு சேர்த்து ஆராய்ந்தார். பிறகு இங்கிலாந்தில் பணி. 1951-ல் பிரதமர் நேரு அழைத்ததன் பேரில் தாயகம் திரும்பினார். எண்பது வயதை எட்டிய பிறகும் ஓய்ந்து உட்காரவில்லை. கேரளத்தில் குந்திப்புழையின் குறுக்கே மின்சார அணை கட்டி, அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை மூழ்கடிக்கும் யோசனை வந்தபோது, எதிர்த்தவர்களோடு சேர்ந்து நின்றார். 1984 பிப்ரவரியில் சென்னை மதுரவாயலில் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்கா ஆயிற்று.

சரி, நம் வீட்டுப் பெண்ணுக்குப் பணம்? இன்று அதற்காகக் கப்பல் ஏற வேண்டியதில்லை. சுற்றுச்சூழல் விஞ்ஞானத்தில் எம்.எஸ்ஸி. முடித்தவர்கள் யு.ஜி.சி. நடத்துவிக்கும் 'நெட்' பரீட்சை எழுதலாம். அதில் ஆராய்ச்சி உபகாரச் சம்பளத்துக்குத் தேர்வானால், 2023-ல் உயர்த்தியபடி, முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். அதன் பிறகு 42,000 ரூபாய். இங்கிலாந்தில் ஜானகி அம்மாள் வேலை செய்த ஜான் இன்னெஸ் நிலையமும் 2018-ல் அவர் பெயராலேயே, வளரும் நாட்டு மாணவர்களுக்கு ஓர் உபகாரச் சம்பளம் ஏற்படுத்தியது. ஒரு காலத்தில் வாங்கிய கை, இப்போது கொடுக்கும் கையாகியிருக்கிறது!

கலியாணக் கேள்வி பாக்கி இருக்கிறது. ஜானகி அம்மாள் மணம் செய்துகொள்ளவில்லை. அதற்காக, படிக்கிற பெண்கள் எல்லோரும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 'நெட்' உபகாரச் சம்பளத்துக்கு உச்ச வயது முப்பது. பெண்களுக்கு அதில் ஐந்து ஆண்டு சலுகை உண்டு. குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் புத்தகத்தை எடுக்கிற தாய்மாருக்கும் வாசல் திறந்தே இருக்கிறது.

ஆகவே அம்மா, உங்கள் பெண் மொட்டை மாடித் தொட்டிச் செடியின் முன் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தால், "வேலையற்ற வேலை" என்று அதட்டாதீர்கள். என்ன பார்க்கிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.