காசிக்காரரின் திருநாள்: கின்னி மாஹியின் இரண்டாம் இசைத்தொகுப்பைப் புரிந்துகொள்ளல்

பஞ்சாபின் இளம் பாடகி கின்னி மாஹியைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் ஒரே பாடலில் தொடங்கி அதிலேயே முடிகின்றன. கல்லூரியில் உடன் பயின்ற ஒருவர் அவருடைய சாதியைக் கேட்டறிந்து, சமார்கள் ஆபத்தானவர்கள் என்றார். அந்தச் சொல்லையே தலைப்பாக்கிய 'டேஞ்சர் சமார்' 2016இல் அவரை நாடறியச் செய்தது. அதற்கு முன் வெளிவந்த 'குரான் தி திவானி', 'குர்புரப் ஹை கான்ஷி வாலே தா' ஆகிய இரு தொகுப்புகளும் 'பக்திப் பாடல்கள்' என்ற ஒற்றை வரியில் கடந்து செல்லப்படுகின்றன. அந்த வரியோடு நாம் உடன்படவில்லை. அவருடைய அரசியல் அங்கேயே தொடங்கிவிட்டது என்பதே நமது கருத்து.

இரண்டாம் தொகுப்பின் பெயரையே எடுத்துக்கொள்வோம். 'காசிக்காரரின் குருத் திருநாள்' என்பது அதன் பொருள். காசிக்காரர் என்பது அங்கே தோல் தொழிலாளர் குலத்தில் பிறந்த ரவிதாசரைக் குறிக்கும். பிராமணியத்தின் தலைநகராகக் கருதப்படும் ஊரை, செருப்புத் தைத்தவரின் ஊராக உரிமை கோருகிறது அத்தலைப்பு. 'குர்புரப்' என்பது சீக்கிய குருமார்களின் திருநாள்களுக்கு வழங்கும் சொல். சீக்கியரின் திருநூலில் ரவிதாசரின் பாடல்கள் இடம்பெற்றுள்ளன. எனினும் அம்மரபில் அவர் 'பகத்', அதாவது அடியார், குரு அல்லர். அவரைக் குருவென அழைத்துத் திருநாள் கொண்டாடுவது, தரவரிசையில் தமக்கு ஒதுக்கப்பட்ட இடத்தை ஒரு சமூகம் ஏற்க மறுப்பதாகும்.

இம்மறுப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. பஞ்சாப் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 31.9 விழுக்காடு என்கிறது 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு. இந்திய மாநிலங்களில் இதுவே மிக உயர்ந்த விகிதம். ஆனால் அவர்கள் கையில் இருப்பது விளைநிலத்தின் மிகச் சிறு பங்கே. 1926இல் மங்கு ராம் தொடங்கிய 'ஆத் தர்ம்' இயக்கம், தீண்டப்படாதோர் இந்துக்களோ சீக்கியரோ முஸ்லிம்களோ அல்லர், தனிச் சமயத்தினர் என அறிவித்தது. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தம்மை ஆத் தர்மிகளாகப் பதிவு செய்தனர். 2009 மே மாதம் வியன்னாவிலுள்ள ரவிதாசர் கோயிலில் நடந்த தாக்குதலில் சந்த் ராமானந்த் கொல்லப்பட்டார். பஞ்சாப் கொந்தளித்தது. 2010 ஜனவரி 30 அன்று, ஜலந்தரை அடுத்த பல்லான் டேராவினர் 'ரவிதாசியா' என்னும் தனிச் சமயத்தைக் காசியில் அறிவித்தனர்.

1998இல் பிறந்த கின்னி மாஹி, இந்நிகழ்வுகளின்போது ஜலந்தரில் வளர்ந்துவந்த சிறுமி. ஆகவே அவர் பாடிய பக்தியைத் தனிமனித மன அமைதிக்கான வேண்டுதலாக மட்டும் சுருக்கிவிட முடியாது. எங்களுக்கென்று குரு உண்டு, திருநாள் உண்டு, பெயர் உண்டு என்ற கூட்டு அறிவிப்பு அது.

ஜமைக்காவின் ரெகே இசையை இங்கே ஒப்பிடுதல் தகும். 1930இல் எத்தியோப்பியாவில் ஹெய்லி செலாசி முடிசூடியதைத் தொடர்ந்து, ஜமைக்காவின் ஏழைக் கறுப்பின மக்களிடையே ராஸ்தஃபாரி சமயம் உருவாயிற்று. ரெகே பாடல்களில் பல அச்சமயத்தின் துதிகளே. ஆயினும் பாப் மார்லியை உலகம் பக்திப் பாடகர் என ஒதுக்கவில்லை. விடுதலையின் குரலாகவே கேட்டது. ராஸ்தஃபாரிகளுக்குச் சீயோன் எப்படியோ, அப்படியே ரவிதாசரின் வழிவருவோருக்குப் பேகம்புரா: துயரமும் வரியும் அச்சமும் இல்லாத, இரண்டாந்தரக் குடிகள் எவருமில்லாத நகர். கறுப்பின மக்களின் துதியை எதிர்ப்பாகக் கேட்கத் தெரிந்த செவிகளுக்கு, தலித் பெண்ணின் துதி மட்டும் வெறும் பக்தியாக ஒலிப்பது ஏன்?

இத்தொகுப்பின் வழியே பார்த்தால் 'டேஞ்சர் சமார்' திடீர்த் திருப்பமாகத் தோன்றாது. ஜாட் சாதிப் பெருமை பஞ்சாபி பாப் இசையில் நெடுங்காலமாக இயல்பான ஒன்று. நிலம், துப்பாக்கி, மீசை ஆகியவற்றைப் பாடும்போது அவற்றை எவரும் சாதிப் பாடல் என்பதில்லை. அதே மேடையில், அதே தாளக்கட்டில், வசைச்சொல்லாக வீசப்பட்ட பெயரை ஒரு தலித் பெண் பாடியவுடன்தான் சாதி கண்ணுக்குப் புலனாகிறது. குருவின் பெயரைப் பெருமையுடன் உச்சரித்துப் பழகிய நாவே பின்னர் தன் பெயரையும் உச்சரித்தது. 'ஃபேன் பாபா சாஹிப் தி' பாடலில் அது அம்பேத்கரையும் சேர்த்துக்கொண்டது.

சாதிப் பெயரைப் பெருமையாக்குவது சாதியை ஒழிக்குமா என்ற கேள்வி நியாயமானது. பஞ்சாபின் வால்மீகிகளும் மஜ்ஹபிகளும் இப்பெயருக்குள் அடங்கமாட்டார்கள் என்பதும் உண்மை. இழிவை உதறுவது முதல் படி. உட்சாதி எல்லைகளைக் கடப்பது அடுத்த படி. அந்த அடுத்த படிக்கான வரைபடம் ரவிதாசரிடமே இருக்கிறது. பேகம்புராவின் வாயிலில் எவரிடமும் சாதி கேட்கப்படுவதில்லை. ஒரு கல்லூரி வகுப்பில் கேட்கப்பட்ட கேள்விக்கு அந்நகரமே முழுமையான விடை.