வயல்வட்டையின் பாலாமை

கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களுக்கு மேற்கே விரியும் வயல்வட்டைகளிலும், அவற்றுக்கு நீர் தரும் குளங்களிலும் வாய்க்கால்களிலும் காணப்படும் நன்னீராமைகள் இருவகையின. ஒன்று, முதுகோட்டில் மூன்று வரம்புகள் ஓடும் கறுப்பாமை. மற்றது, இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத பாலாமை. ஆங்கிலேய விலங்கியலாளர் ஜோன் எட்வர்ட் கிரே 1856இல் விபரித்த இப்பாலாமை, நெடுங்காலம் இந்திய ஆமையின் ஒரு கிளையாகவே கருதப்பட்டு, மரபணு ஒப்பீட்டின் பின்னர் 2011இல் தனி இனமாக ஏற்கப்பட்டதால், இங்கு அழிந்தால் இந்தியாவிலிருந்து கொண்டுவந்து ஈடுசெய்ய இயலாது.

இதன் என்பாலான ஓட்டை மூடியிருப்பது கொம்புத் தகடுகளல்ல, தோலே. அடியோட்டின் பின்புறத்தில் இரு தோல் மடல்கள் உள்ளன. அஞ்சிய ஆமை பின்கால்களை உள்ளிழுத்ததும் இம்மடல்கள் கதவுபோல் மூடிக்கொள்கின்றன. நுரையீரலால் சுவாசிப்பதால் குழல்போன்ற மூக்கின் நுனியை மட்டும் நீருக்கு வெளியே நீட்டுகிறது. குளம் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து மழைவரை கிடக்கிறது. கோடை உறக்கம் எனப்படும் இவ்வியல்பே, உழவு இயந்திரம் இறங்கும் வயலிலும் அடியில் கொங்கிரீட் இட்ட வாய்க்காலிலும் அதற்குக் கேடாகிறது. தங்கூசி வலையில் சிக்கிய ஆமையோ மூச்செடுக்க மேலேற முடியாமல் நீருக்குள்ளேயே மூச்சடைத்து இறக்கிறது.

இவ்வூர் முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் (இஸ்லாமியச் சட்ட மரபின்) வலுவான கருத்து ஆமை இறைச்சியை விலக்குவதால், இவ்வூர்களில் அதைச் சமைப்பாரில்லை என்பது பாலாமைக்கு வாய்த்த நற்பேறு. ஆயினும் உண்ணாமை மட்டும் போதாது. ஆமைகள் இனப்பெருக்க வயதை எட்டப் பல ஆண்டுகள் செல்வதாலும், முட்டைகளிலும் குஞ்சுகளிலும் பெரும்பகுதி உடும்பு, நரி, பறவைகளுக்கு இரையாவதாலும், முட்டையிட மேட்டுநிலம் தேடி வீதியைக் கடக்கும் ஒரு முதிர்ந்த பெண்ணாமை வாகனத்தில் நசுங்குவது பல குஞ்சுகளின் இழப்பினும் பெரிது. உலகின் ஏறத்தாழ 360 ஆமை வகைகளில் பாதிக்கு மேற்பட்டவை அழியும் அச்சுறுத்தலில் இருப்பதற்கு இந்த மந்தமான இனப்பெருக்கமும் ஒரு காரணம்.

நல்லெண்ணமும் சிலவேளை தீங்காகும். நீரைத் துப்புரவாக்கும் என நம்பிக் கிணற்றில் விடப்படும் ஆமை, உயிருடன் இருந்தாலும் முட்டையிட மண்ணின்றி இனத்துக்குப் பயனற்றுப் போகிறது. கடலாமை எனத் தவறாகக் கருதிக் கடலில் விடப்படுவது உவர்நீரில் மடியக்கூடும். வீதியில் காணப்படுவதை, அது நோக்கிச் சென்ற திசையிலேயே அப்பாலுள்ள வரம்போரத்தில் சேர்த்துவிடுவதே முறையாகும்.