லாரிப் பாரமும் கிராமச் சாலையும்

பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர் வழியாகச் சென்னைக்கு நெல் அனுப்பும் மிராசுதார்கள் 2018-ம் வருஷத்து விதிமாற்றத்தை லாபமென்று கருதுவது இயல்பே. அவ்வருஷம் ஜூலை மாதத்தில் மத்திய சர்க்கார் இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தினர். 75 கிலோ மூட்டையாகக் கணக்கிட்டால், நடைக்குச் சுமார் 30 மூட்டை அதிகம். மூட்டைக்கு விழும் வாடகை குறையும்.

சாலையின் கணக்கோ வேறு. பின்னச்சின் பாரம் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாயிற்று, அதாவது எட்டில் ஒரு பங்கு மிகுதி. ஆனால் அமெரிக்காவில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனையிற் கண்டபடி, அச்சுப்பாரம் இரட்டித்தால் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்காகும். அக்கணக்கில் இங்குத் தேய்வு சுமார் 1.6 மடங்கு. பெங்களூர் நெடுஞ்சாலை இதனைத் தாங்கக்கூடும். களத்துமேட்டிலிருந்து அதுவரை செல்லும் மெல்லிய ஊராட்சிச் சாலையும் பழைய சிறு பாலங்களும், மழையில் அடிமண் ஊறியிருக்கையில், தாங்கமாட்டா. அவை உடைந்தபின் மலிந்த வாடகையால் யாது பயன்?

மேலும், வரம்பு உயர்ந்ததென்று கேள்விப்பட்ட மாத்திரத்தில் மூட்டைகளைக் கூட்டலாகாது. அந்தந்த லாரியின் பதிவுச் சான்றில் கண்ட எடையே செல்லும். மீறினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ம் வருஷத்துத் திருத்தப்படி 20,000 ரூபாயும், மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். மிகுதிச் சரக்கை வழியிலேயே இறக்கவும் நேரிடும். மழைக்காலத்தில் சிறு வண்டிகளில் நெடுஞ்சாலை வரை கொண்டுசென்று அங்கே லாரியில் ஏற்றுதல் உத்தமம். பலவீனமான பாலங்களைக் கிராம உத்தியோகஸ்தர்கள் அறுவடைக்கு முன்னரே பார்வையிட்டு மேலதிகாரிகளுக்கு எழுதுவாராக.