குரூப் சேரவில்லையா? வழி இருக்கிறது!

கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. மனைவி ஒன்றைக் கொடுக்கத் தயார். ஆனால் அவர் 'ஏ' குரூப், இந்த அம்மா 'பி'. சேராது. இதே சங்கடம், தலைகீழாக, இன்னொரு வீட்டில். மற்றப் பொருத்தங்களும் சரியாக இருந்தால், இந்த அம்மா அந்த வீட்டுக்காரருக்கும், அந்த அம்மா இவருக்கும் கொடுக்கலாம் அல்லவா?

தென்கொரியாவில் 1991-லேயே தொடங்கிய ஏற்பாடு இது. நம் நாட்டில் 2011 சட்டத்திருத்தம் இடம் கொடுத்தது. 'சித்த வைத்தியருக்கு இது எதற்கு?' என்கிறீர்களா? முற்றிலும் செயலிழந்த சிறுநீரகத்தை எந்தக் கஷாயமும் திருப்பித் தராது, அதனால்தான்!

இதில் யாரும் தியாகி இல்லை. அவரவருக்கு அவரவர் ஆள் பிழைக்கவேண்டும், அவ்வளவுதான். நம்மிடம் வாங்கிக்கொண்டு அவர்கள் 'மாட்டோம்' என்றுவிட்டால்? கோர்ட்டுக்குப் போய்க் கிட்னி வாங்க முடியுமா! ஆகவே, நான்கு ஆபரேஷனும் ஒரே சமயத்தில்.

அமெரிக்காவில் 2007-ல் ஒருவர், கைம்மாறு கேட்காமல் முன்பின் தெரியாதவருக்குக் கொடுத்தார். பெற்றவர் வீட்டார் அடுத்தவருக்கு, அவர் வீட்டார் அதற்கடுத்தவருக்கு... எட்டு மாதத்தில் பத்துப் பேர்! தம் ஆளுக்குக் கிடைத்த பிறகும் காத்திருந்து வந்து கொடுத்தவர்கள் உண்டு. யாராவது பின்வாங்கியிருந்தாலும் அடுத்த வீட்டாருக்கு ஏமாற்றம்தான். கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிற கதி இல்லை.

உங்கள் வீட்டிலும் 'குரூப் சேரவில்லை' என்றால், 'மாற்றிக்கொள்ளும் பட்டியலில் எங்களைச் சேர்ப்பீர்களா?' என்று டாக்டரிடம் கேளுங்கள்.