மீட்பு நிலையில் நின்றுவிட்ட தொலைபேசி

கையடக்கத் தொலைபேசி ஒன்று வழக்கமான முகப்பைக் காட்டாமல், கரிய திரையிற் சில ஆங்கில வரிகளை மட்டும் காட்டி நின்றுவிடுவதுண்டு. அதனைக் கண்டதும் கருவி முடிந்துவிட்டதென்று கலங்கி, கண்ணிற்பட்ட வரியை அழுத்திவிடுவோர் உளர். பிள்ளைகளின் படங்களும் மறைந்த பெற்றோரின் குரற்பதிவுகளும் அழிந்துபோவது, பல வேளைகளிற் பழுதினால் அன்று, அந்த அவசரத்தினாலேயே.

மீட்பு நிலை என்பது யாது? தொலைபேசியின் மின்விசையை அழுத்தியவுடன், சில்லினுள்ளே நிலையாகப் பதிக்கப்பட்ட ஒரு சிறு நிரல் முதலில் விழிக்கின்றது. அது தொடக்க நிரலை அழைக்கின்றது. தொடக்க நிரல், எந்த விசைகள் அழுத்தப்பட்டுள்ளன, பழுதுபார்க்கும்படி ஏதேனும் கட்டளை விடப்பட்டுள்ளதா என்று நோக்குகின்றது. ஒன்றுமில்லையாயின் இயக்க மென்பொருளைத் தொடக்கும். உண்டாயின் மீட்பு நிரலிடம் கருவியை ஒப்படைக்கும். ஆகவே மீட்புத் திரை தோன்றுவது, கருவியின் அடிப்படைப் பாகங்கள் இன்னும் இயங்குகின்றன என்பதற்கே சான்றாகும்.

இந்நிலை ஏற்படுவதற்குக் காரணங்கள் பல. ஒலியளவு விசை அழுக்கேறியோ, இறுக்கமான உறையினால் நெருக்குண்டோ அழுந்தியபடி இருக்கலாம். மென்பொருளைப் புதுப்பிக்கையில் மின்கலம் தீர்ந்து, வேலை இடைநடுவில் நின்றிருக்கலாம். இயக்க மென்பொருளின் கோப்புகள் சிதைந்திருக்கலாம்.

பரிகாரத்தில் ஒழுங்கு முக்கியம். எதனையும் இழக்கச் செய்யாத வழிகளை முன்னும், இழக்கச் செய்யும் வழியைக் கடைசியிலும் வைத்தல் வேண்டும். முதற்கண் உறையைக் கழற்றி, விசைகள் தடையின்றி மீளுகின்றனவா என்று பார்த்து, மின்கலத்துக்கு நன்கு மின்னேற்றுக. அன்ட்ரொயிட் வகைத் தொலைபேசிகளிற் பெரும்பாலும் ஒலியளவு விசைகளால் வரிவரியாக நகர்ந்து, மின்விசையால் ஒன்றைத் தெரிவு செய்யலாம். 'ரீபூட் சிஸ்டம் நௌ' என்பது மீளத் தொடக்குதல்; அதனால் எதுவும் அழியாது. 'வைப் கேச் பார்ட்டிஷன்' என்பது தற்காலிகக் கோப்புகளை மட்டும் நீக்குவது, படங்களைத் தொடாது. புதிய கருவிகள் பலவற்றில் இத்தெரிவு இல்லை. 'வைப் டேட்டா' அல்லது 'ஃபாக்டரி ரீசெட்' என்ற வரியோ கருவியிலுள்ள அனைத்தையும் துடைத்துவிடும். 'வைப்' என்று தொடங்கும் இரண்டு வரிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மனத்திற் கொள்க.

ஐபோன் ஆயின், கணினியும் இணைப்பு வடமும் திரையில் தோன்றும். 2017 இல் வந்த ஐபோன் 8 முதலான கருவிகளில், ஒலி கூட்டும் விசையை அழுத்தி விட்டு, ஒலி குறைக்கும் விசையையும் அழுத்தி விட்டு, பக்கவிசையை ஆப்பிள் சின்னம் தோன்றும்வரை அழுத்திப் பிடித்தால் கருவி மீளத் தொடங்கக்கூடும். தொடங்காவிடின் கணினியுடன் இணைக்க. அப்போது 'அப்டேட்', 'ரெஸ்டோர்' என இரு தெரிவுகள் தோன்றும். முன்னது தகவலை அழிக்காமல் மென்பொருளை மீளப் பதிக்க முயல்வது. பின்னது யாவற்றையும் அழிப்பது. முன்னதையே முதலில் நாடுக. மென்பொருளைத் தரவிறக்க 15 நிமிடங்களுக்கு மேற் சென்றால், ஐபோன் தானாகவே மீட்பு நிலையை விட்டு விலகும். அஞ்சாது தரவிறக்கம் முடியும்வரை பொறுத்து, மீண்டும் அந்நிலைக்குக் கொணர்ந்து தொடர்க.

இவையனைத்தும் பயனளிக்காதபோதே முழு அழிப்பை எண்ணுதல் வேண்டும். இக்காலக் கருவிகள் தகவலை மறைகுறியாக்கி வைப்பதால், அழித்தபின் அதனை மீட்பது கைதேர்ந்தவர்க்கும் பெரும்பாலும் இயலாது. மேலும், 2015 இல் அன்ட்ரொயிட் 5.1 உடன் வந்த பாதுகாப்பு ஏற்பாட்டின்படி, இவ்வாறு அழித்த கருவி முன்னிருந்த கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். அதனை அறியாதவர் தகவலையும் இழந்து, கருவியையும் பயன்படுத்த முடியாது நிற்பர். திருத்துநரிடம் கொடுப்பதாயின், தம்மைக் கேளாமல் எதையும் அழிக்கவேண்டாமென்று முன்கூட்டியே தெளிவாகச் சொல்லுதல் நன்று.

நேயர்களே, கருவி நன்றாக இயங்கும் நாளிலேயே முக்கியமான படங்களையும் பதிவுகளையும் வேறோரிடத்திற் பிரதி செய்து வைப்பீர்களாக. பிரதியை வைத்திருப்பவருக்கு, தொலைபேசி நின்றுபோவது ஒரு சிறு தொல்லை மாத்திரமே.