என்பும் உயிருடையது

ததீசி முனிவரின் முதுகென்பே இந்திரனின் வச்சிராயுதமாயிற்று என்று புராணம் கூறும். என்பு மாறாத உறுதியுடையது என்ற எண்ணம் நம்முள் வேரூன்ற இத்தகைய கதைகளும் காரணமாயிருக்கலாம். ஆனால், உடலியலார் காட்டும் என்பு ஓயாது இடித்துக் கட்டப்பெறும் வீடு போன்றது.

வளர்ந்தவரின் என்புக்கூட்டில் ஏறத்தாழ 10 சதவீதம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகின்றது. பழைய என்பை அரித்தகற்றுவன ஒருவகைக் கலங்கள்; அவ்விடத்திற் புதிய என்பைப் படைப்பன இன்னொருவகை. என்பினுட் புதைந்துகிடக்கும் மூன்றாம் வகைக் கலங்களோ, உடல் தாங்கும் சுமையை உணர்ந்து அவ்விரண்டினையும் ஏவுகின்றன. ஏறத்தாழ 30 வயதில் என்பின் திணிவு உச்சநிலை எய்துகின்றது. முதுமையிற் கட்டும் கலங்கள் பின்தங்குகின்றன. அவையாக வேண்டிய மூலக்கலங்கள் பல, கொழுப்புக் கலங்களாகிவிடுகின்றன. சுமையை உணரும் கலங்களும் குறைகின்றன. மாதவிடாய் நின்ற பெண்களிற் பெண்மைக்குரிய ஓமோன் குறைவதால், அரிக்கும் கலங்களின் கை ஓங்குகின்றது.

சுமைக்கேற்ப என்பு தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும் என்பதை, ஜேர்மன் வைத்தியர் யூலியஸ் வொல்ப் 1892 இல் நூலாக எழுதினார். எடையற்று மிதக்கும் விண்வெளி வீரர் மாதந்தோறும் இடுப்பென்பின் திணிவில் 1 முதல் 1.5 சதவீதம் வரை இழப்பது அதற்குச் சான்று.

இதனை அறிந்தபின் நம் இல்லங்களை நோக்குகையில் எனக்கு அச்சமுண்டாகின்றது. "நீங்கள் இருங்கோ அம்மம்மா, நாங்கள் பார்க்கிறம்" என்று அன்பினாற் சொல்லி, முதியோரை நாளெல்லாம் கதிரையில் அமர்த்திவிடுகின்றோம். சுமையறியாத என்பு மெலிகின்றது, தசையும் தளர்கின்றது. பின்னொருநாள் கிணற்றடியிற் கால் வழுக்கினால் இடுப்பு முறிகின்றது. அதன்பின் முன்போல் நடவாதோர் பலர். இதனை விதி என்று சொல்லி அமைவது எனக்கு உடன்பாடன்று.

முதுமையை நிறுத்தல் இயலாது. தேய்வின் வேகத்தைத் தணித்தல் இயலும். நாள்தோறும் நடத்தலும், இயன்ற அளவு சுமை தூக்கலும் வேண்டும். குரக்கன், பால், முள்ளோடு உண்ணும் நெத்தலி ஆகியன கல்சியம் தருவன. அதனை உடல் ஏற்பதற்கு வேண்டிய விற்றமின் டியை வெயில் உதவும். புகைத்தலும் மதுவும் விலக்கத்தக்கன. என்பின் திணிவை அளந்தறியவும், அரிக்கும் கலங்களை அடக்கவும் இன்று வழிகளுண்டு. முன்னரே என்பு முறிந்தவர்கள் வைத்தியரைக் கேட்டே பயிற்சி தொடங்கல் நன்று. வழுக்காத தரையும் இரவில் ஒரு விளக்கும் மருந்துக்கு நிகரான காப்பாகும்.

முதியோர்க்கு ஓய்வு வேண்டியதே. ஆயினும், அவர் கையிலுள்ள விளக்குமாற்றை வாங்கிவைக்குமுன் சற்றே சிந்திப்போமாக.