அவசர அழைப்பின் வரலாறு – 6: முன்னெண் இல்லாத 911

லண்டனில் 1937ஆம் ஆண்டு தொடங்கிய 999 சேவையைச் சென்ற இதழில் கண்டோம். அத்தகைய ஒற்றை எண்ணை அமெரிக்கா எட்டுவதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. குற்றத் தடுப்பு குறித்து ஆராயக் குடியரசுத் தலைவர் அமைத்த ஆணையம் 1967இல் ஒரே எண்ணைப் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் ஏடி அண்டு டி நிறுவனம் அதற்கென 911ஐ ஒதுக்குவதாக அறிவித்தது. ஆனால் அந்தப் பெருநிறுவனத்தை முந்திக்கொண்டு, அலபாமா டெலிபோன் கம்பெனி என்னும் சிறு நிறுவனம் ஹேலிவில் என்ற சிற்றூரில் இணைப்புச் சுற்றுகளை அமைத்து, 1968 பிப்ரவரி 16 அன்று நாட்டின் முதல் 911 அழைப்பை ஒலிக்கச் செய்தது. அதன் தலைவர் பாப் கேலகரும் பொறியாளர் ராபர்ட் ஃபிட்ஜெரால்டும் இந்தச் சேவையின் வரலாற்றில் முதலில் நினைக்கப்பட வேண்டியவர்கள்.

எண் அமைந்தால் மட்டும் உயிர் பிழைத்துவிடுவதில்லை. அழைப்பை ஏற்று, நிகழ்விடத்தைக் கேட்டறிந்து, காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஆகியவற்றில் உரியதை அனுப்பிவைக்கும் பணியாளரின் திறனே அடுத்த சில நிமிடங்களைத் தீர்மானிக்கிறது. சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த மருத்துவர் ஜெஃப் க்ளாசன் 1970களின் இறுதியில் இதற்கென வினா அட்டைகளை உருவாக்கினார். என்னென்ன கேட்க வேண்டும், விடைக்கேற்ப எத்தகைய வண்டியை அனுப்ப வேண்டும், அது போய்ச் சேரும்வரை அழைத்தவரே செய்யத்தக்க முதலுதவி எது என்பவற்றை வரிசைப்படுத்திய அந்த அட்டைகளால், தகவலை வாங்கிக் கடத்துபவராக மட்டுமே இருந்த பணியாளர் தொலைபேசி வழியே உயிர்காக்கும் பயிற்சி பெற்றவராக உயர்ந்தார்.

இவர்களைப் பாராட்டுவதற்கென ஆண்டில் ஒரு வாரத்தை ஒதுக்கும் வழக்கத்தைக் கலிஃபோர்னியாவின் கான்ட்ரா கோஸ்டா மாவட்டக் காவல் அலுவலகத்தில் பணியாற்றிய பட்ரீஷியா ஆண்டர்சன் 1981இல் தொடங்கினார். பின்னர் நாடாளுமன்றமும் அதை ஏற்றதால், ஏப்ரலில் அந்த வாரம் நாடெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது. நல்ல வழக்கம்தான், எனினும் இத்துறையில் நிலைத்த மதிப்பு விழா மேடையைவிடச் சட்டப் புத்தகத்தில்தான் பதிவாகியிருக்கிறது. அதற்கு ‘கேரி சட்டம்’ தக்க சான்று.

2013 டிசம்பரில் டெக்சஸ் மாநிலத்தின் மார்ஷல் நகர விடுதி அறை ஒன்றில் கேரி ஹன்ட் என்ற பெண் தாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். உடனிருந்த அவருடைய ஒன்பது வயது மகள், பள்ளியிலும் வீட்டிலும் குழந்தைகளுக்குச் சொல்லித் தரப்படுவதைப் போலவே 911ஐ நான்கு முறை அழுத்தினாள். ஒருமுறைகூட அழைப்பு போகவில்லை. விடுதிகளிலும் அலுவலகங்களிலும் பல அறைத் தொலைபேசிகளைச் சில வெளி இணைப்புகளோடு சேர்க்கும் உள் இணைப்பகம் ஒன்று இருக்கும். வெளியே பேச வேண்டுமானால் முதலில் 9ஐ அழுத்த வேண்டும் என்பது அத்தகைய பல அமைப்புகளின் விதி. எனவே 911 என்று அழுத்தினால் முதல் 9 வெளி இணைப்பைப் பெறுவதற்கே செலவாகிவிட, எஞ்சிய 11 எங்கும் போய்ச் சேராது. 9911 என்று அழுத்தியிருக்க வேண்டும் என்பது அந்தச் சிறுமிக்கு எப்படித் தெரியும்? குழந்தை செய்தது அனைத்தும் சரி. இயந்திரத்தின் அமைப்புதான் தவறு.

கேரியின் தந்தை ஹாங்க் ஹன்ட் தொடங்கிய இணைய மனுவில் ஐந்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். அப்போது கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்தின் உறுப்பினராகவும் பின்னர் அதன் தலைவராகவும் இருந்த, இந்திய வம்சாவளியினரான அஜித் பாய், பெரிய விடுதி நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதி நிலைமையை விசாரித்தார். இத்தகைய குறையை மென்பொருள் அமைப்பை மாற்றியே பெரும்பாலும் தீர்த்துவிடலாம் என்பதுதான் இதில் மிகவும் வேதனை தருவது. 2015இல் டெக்சஸ் மாநிலம் சட்டமியற்ற, 2018 பிப்ரவரி 16 அன்று, ஹேலிவில் அழைப்பின் சரியான ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாளில், நாடு முழுமைக்குமான கேரி சட்டம் கையெழுத்தாயிற்று. முன்னெண் இன்றி 911 கிடைக்க வேண்டும், அழைப்பு சென்றதும் விடுதியின் வரவேற்பு மேசை போன்ற ஓரிடத்திற்கு அறிவிப்பு எழ வேண்டும் என்ற இரண்டையும் அது கட்டாயமாக்கியது. 2020 பிப்ரவரி 16 முதல் விற்கப்படும் அல்லது நிறுவப்படும் அமைப்புகளுக்கே அது பொருந்தும் என்பதால், பழைய கருவிகள் இன்னும் விதிவிலக்கின் நிழலில் இருக்கின்றன.

தனி மனிதரின் துயரம் நாட்டின் விதியாக மாறிய அளவுக்கு, அழைப்பை ஏற்போரின் நிலை மாறவில்லை. அமெரிக்க அரசின் 2018ஆம் ஆண்டுத் தொழில் வகைப்பாடு அவர்களைச் செயலாளர்களோடும் எழுத்தர்களோடும் சேர்த்து அலுவலக உதவிப் பணியாளர் பிரிவில் வைத்தது. காவலர், தீயணைப்போர் மட்டுமின்றி வாகன நிறுத்த விதிமீறலைக் கண்காணிப்போரும் இடம்பெறும் பாதுகாப்புப் பணியாளர் பிரிவில் அவர்களுக்கு இடம் தரப்படவில்லை. இதைத் திருத்தக் கோரும் மசோதாக்கள் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டன. கேரியின் டெக்சஸ் மாநிலமோ 2019இலேயே தன் சட்டத்தில் அவர்களை முதல்நிலை மீட்புப் பணியாளர்களாக ஏற்றுக்கொண்டது. டெக்சஸ் செய்ததை அமெரிக்க அரசும் செய்ய வேண்டும்.

(தொடரும்)